பட்டமும் பழத்தோட்டமும்

(தோட்டக்கலை மாணவர்களும் வேளாண் விரிவாக்க அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

நெல் பயிரிடும் உழவர் ஒருவர் விதைத் தேர்வில் தவறிவிட்டால், அத்தவற்றின் விலை ஒரு போக விளைச்சல். அடுத்த பருவத்தில் வேறு விதை வாங்கி அவர் தம்மைத் திருத்திக் கொள்ளலாம். ஆப்பிள் கன்று வாங்கிய விவசாயிக்கு இந்த வாய்ப்பு இல்லை. தவறான இரகம் என்பதோ, நச்சுயிரி தாக்கிய ஒட்டு என்பதோ அவருக்குத் தெரிய வருவதற்குள் ஏழெட்டு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. அதற்குள் நிலம், நீர், உழைப்பு, வட்டி ஆகிய அனைத்தும் செலவாகி முடிந்திருக்கும். மரத்தை வெட்டினால் முதல் போயிற்று. வெட்டாவிட்டால் இன்னும் முப்பது ஆண்டுக் காலம் நட்டம் தொடரும்.

தோட்டக்கலையைப் பல்கலைக் கழகத்தில் தனிப் பாடமாகக் கற்பிப்பதற்கான அடிப்படைக் காரணம் இதுவே. நீண்ட காலம் பயன்தரும் மூலதனத்தைக் கையாளும் தொழிலுக்கு நீண்ட நோக்குடைய அறிவு தேவைப்படுகிறது. தானியப் பயிர்களுக்காக வகுக்கப்பட்ட வேளாண்மைப் பாடத்தில் ஓரிரு அத்தியாயங்களாகப் பழமும் காய்கறியும் மலரும் இடம் பெற்றிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்நிலை எவ்வாறு மாறியது, மாற்றத்தின் பயன் தோட்டம் வரை சென்று சேர்ந்துள்ளதா, சேராவிடில் தடை எங்குள்ளது ஆகிய மூன்று வினாக்களும் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் பொதுவானவை.

உற்பத்தியின் புதிய கணக்கு

2012-13-ஆம் ஆண்டு இந்திய வேளாண்மையில் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டில் தோட்டக்கலைப் பயிர்களின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 26.9 கோடி டன்னை எட்டி, உணவு தானிய உற்பத்தியாகிய 25.7 கோடி டன்னை முதன்முறையாகக் கடந்தது. அண்மை ஆண்டுகளில் தோட்டக்கலை உற்பத்தி 35 கோடி டன் அளவை எட்டியுள்ளது. மா, வாழை, பப்பாளி ஆகியவற்றின் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் வகிக்கிறது.

டன் கணக்கை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுதல் முழுமையாகாது. தக்காளியின் எடையில் பெரும்பகுதி நீர். கோதுமையின் நிலை வேறு. ஆயினும் ஒன்று உறுதியாகிறது. உழவர் குடும்பங்களின் வருவாயிலும் மக்களின் உணவிலும் பழம், காய்கறி ஆகியவற்றின் பங்கு உயர்ந்து வருகிறது. இப்பங்கு உயரும்போது அதைத் தாங்கி நிற்க வேண்டிய அறிவுப் பணியாளர்களின் தேவையும் உயர்கிறது. 1984-இல் தேசியத் தோட்டக்கலை வாரியமும், 2005-06-இல் தேசியத் தோட்டக்கலை இயக்கமும் தோன்றியமைக்கு இதுவே பின்னணி.

கல்வி நிலையங்களின் வளர்ச்சி

சுதந்திர இந்தியாவின் முதல் வேளாண்மைப் பல்கலைக் கழகம் 1960-இல் பந்த்நகரில் தொடங்கப் பெற்றது. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்வதே அதன் நோக்கம். அம்மாதிரியைப் பின்பற்றி மாநிலந்தோறும் பல்கலைக் கழகங்கள் தோன்றின. 1967-இல் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. 1972-இல் கோயம்புத்தூரிலும் கேரளத்திலும் தோட்டக்கலைக்கெனத் தனிக் கல்விப் பிரிவுகள் உருவாயின.

எனினும் தோட்டக்கலையையே முதன்மைப் பொருளாகக் கொண்ட பல்கலைக் கழகம் முதலில் எழுந்தது இமயமலைச் சாரலில்தான். இமாச்சலப் பிரதேசத்தின் சோலன் நகரில் 1962-இல் ஒரு வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அப்போது அது பஞ்சாப் பல்கலைக் கழகத்துடன் இணைந்திருந்தது. 1970-இல் இமாச்சலப் பிரதேசப் பல்கலைக் கழகம் அமைந்தபோது அதன் அங்கமாயிற்று. 1978-இல் பாலம்பூரில் வேளாண்மைப் பல்கலைக் கழகம் ஏற்பட்டதும் அதன் தோட்டக்கலை வளாகமாக மாறியது. இறுதியாக 1985 டிசம்பர் 1-ஆம் நாள் சோலனை அடுத்த நௌனியில் டாக்டர் ஒய். எஸ். பர்மார் தோட்டக்கலை மற்றும் வனவியல் பல்கலைக் கழகம் என்ற பெயரில் தனி நிறுவனமாக மலர்ந்தது. இமாச்சலத்தின் முதல் முதலமைச்சரின் பெயர் அதற்குச் சூட்டப் பெற்றது. மலைநாட்டின் பொருளாதாரம் தானியத்தைவிடப் பழமரங்களையே நம்பி எழ வேண்டும் என வற்புறுத்தியவர் அவர்.

பின்னர் 2007-இல் ஆந்திரப் பிரதேசத்தின் வேங்கடராமன்னகூடெத்திலும், 2008-இல் கர்நாடகத்தின் பாகல்கோட்டையிலும், 2014-இல் தெலங்கானாவிலும் தோட்டக்கலைப் பல்கலைக் கழகங்கள் அமைந்தன. முதல் நிறுவனத்திற்கும் இரண்டாம் நிறுவனத்திற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உள்ளது என்பது கருதத்தக்கது.

மலையில் ஏன் தொடங்கிற்று?

குலு பள்ளத்தாக்கில் 1870 வாக்கில் ஆங்கிலேயப் படை அதிகாரியான கேப்டன் லீ ஆப்பிள் மரங்களை நட்டார். அவை பெரும்பாலும் புளிப்புச் சுவையுடைய ஆங்கில இரகங்கள். சந்தையில் அவற்றிற்குப் பெரிய வரவேற்பில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து 1904-இல் இந்தியா வந்து, சிம்லா மலைப்பகுதியிலுள்ள கோட்கட்டில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916-இல் அமெரிக்க 'டெலிஷஸ்' இரகக் கன்றுகளைத் தருவித்து நட்டார். பின்னாளில் சத்யானந்த் எனப் பெயர் பூண்ட அவர் அண்டை விவசாயிகளுக்கும் கன்றுகளைக் கொடுத்து நடுமாறு தூண்டினார். செந்நிறமும் இனிப்பும் கொண்ட அப்பழம் இந்தியச் சந்தைக்கு ஏற்றதாக இருந்தது.

1950-51-இல் இமாச்சலப் பிரதேசத்தில் பழமரங்களின் கீழ் இருந்த பரப்பு 792 ஹெக்டேர். உற்பத்தி 1,200 டன். இன்று பரப்பு இரண்டு லட்சம் ஹெக்டேருக்கும் மேல். அதில் ஏறக்குறையப் பாதி ஆப்பிள். இத்தகைய விரிவாக்கம் நிகழும்போது ஒவ்வோர் ஆண்டும் இலட்சக்கணக்கில் கன்றுகள் தேவைப்படுகின்றன. கவாத்துச் செய்யத் தெரிந்த கைகள் தேவைப்படுகின்றன. நோயைக் கண்டறியும் கண்கள் தேவைப்படுகின்றன. தோட்டம் முன்னே ஓட, அறிவு பின்னே வந்தது என்பதே இமாச்சலத்தின் அனுபவம்.

அவ்வாறு பின்தங்கியதன் விலையை மலைமக்கள் விரைவிலேயே உணர்ந்தனர். 1977 வாக்கில் ஆப்பிள் சொறி நோய் இமாச்சலத்தில் தலைகாட்டியது. 1983-இல் அது கொள்ளை நோயாகப் பரவிற்று. 'வென்ச்சூரியா' என்ற பூசணத்தால் விளையும் இந்நோய் இலையிலும் காயிலும் கரும்புள்ளிகளை உண்டாக்கி, பழத்தை விற்பனைக்கு ஆகாததாக்கும். மருந்து இருந்தது, ஆனால் எந்த நாளில் தெளிப்பது என்ற அறிவு எல்லா விவசாயிகளிடமும் இல்லை. இப்பூசணம் உதிர்ந்த இலைகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் மொட்டு விரியும் தருணத்தில் அங்கிருந்தே வித்துக்களைக் காற்றில் பரப்புகிறது. ஆகவே பழம் பறித்த பின், இலை உதிருமுன், நூற்றுக்கு ஐந்து பங்கு யூரியாக் கரைசலைத் தெளித்தால் இலைகள் விரைவில் மக்கி, அடுத்த ஆண்டின் நோய் வித்து குறைகிறது. உரக் கடையில் கிடைக்கும் எளிய பொருளே இங்கு மருந்தாகிறது. பூசணத்தின் வாழ்க்கை முறையை அறிந்தவருக்கே இவ்வெளிய வழி புலப்படும்.

பாடத்திட்டத்தில் உள்ளவை

தோட்டக்கலையில் இளம் அறிவியல் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்களைக் கொண்டது. மண்ணியல், தாவரச் செயலியல், மரபியல், பூச்சியியல், நோயியல் ஆகிய அடிப்படைகளின் மேல் பழவியல், காய்கறியியல், மலரியல், நறுமணப் பயிர்கள், அறுவடைக்குப் பின்சார் தொழில்நுட்பம், பொருளாதாரம், விரிவாக்கம் ஆகியவை அடுக்கப்படுகின்றன. பெயர்ப் பட்டியலாக நோக்கினால் இது சலிப்பூட்டலாம். ஒரு மரத்தின் முன் நின்று நோக்கினால் ஒவ்வொரு பாடமும் ஒரு வினாவிற்கு விடையாக அமைவதைக் காணலாம்.

தோட்டம் நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லை, ஏன்? டெலிஷஸ் இரகம் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. கோல்டன் டெலிஷஸ் போன்ற வேறோர் இரகம் இடையிடையே இருக்க வேண்டும். அம்மகரந்தத்தைச் சுமந்து செல்லத் தேனீக்களும் வேண்டும். சந்தையில் சிவந்த பழத்திற்கே விலை என்பதால் தோட்டம் முழுவதும் ஒரே இரகத்தை நட்டவர், தம் பேராசையால் அல்ல, அறியாமையால் விளைச்சலை இழக்கிறார். பூக்கும் நாட்களில் வாடகைக்குத் தேனீப் பெட்டிகளைக் கொணர்ந்து வைக்கும் வழக்கமும், பிற இரகத்தின் பூங்கொத்துகளை நீர்ப் பாத்திரத்தில் இட்டு மரங்களில் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் இவ்வறிவிலிருந்து பிறந்தவை.

மரம் தளிர்க்கவே தாமதமாகிறது, பூப்பும் சீராக இல்லை, ஏன்? ஆப்பிள் மொட்டு குளிர்கால உறக்கத்திலிருந்து விழித்தெழ, ஏறத்தாழ 7 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழான குளிரில் குறிப்பிட்ட மணி நேரம் இருந்தாக வேண்டும். டெலிஷஸ் வகைகளுக்கு இது சுமார் 1,000 முதல் 1,200 மணி நேரம். குளிர்காலம் வெப்பமடைந்து வருவதால் தாழ்ந்த பகுதிகளில் இக்கணக்கு நிறைவதில்லை. குலு பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் விவசாயிகள் ஆப்பிளைக் கைவிட்டு மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறியுள்ளனர். ஆப்பிளோ மேலும் மேலும் உயரத்தை நாடி, கின்னோர், லாஹோல்-ஸ்பிட்டி ஆகிய குளிர்ப் பகுதிகளுக்குச் சென்றுள்ளது. தாவரச் செயலியல் பாடத்தின் ஒரு பக்கம் ஒரு பள்ளத்தாக்கின் வாழ்வையே தீர்மானிக்கிறது.

சிறு நிலத்தில் எவ்வாறு வாழ்வது? விதையிலிருந்து வளர்த்த வேர்ச்செடியின் மேல் ஒட்டிய மரங்களை ஆறு மீட்டர் இடைவெளியில் நட்டால், ஹெக்டேருக்கு 277 மரங்கள் அமையும். குட்டையாக வளரும் 'எம்-9' போன்ற வேர்ச்செடிகளின் மேல் ஒட்டியவற்றை மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர் என நட்டால் 3,333 மரங்கள் அமையும். முன்னது காய்க்க ஏழெட்டு ஆண்டுகள். பின்னது இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். ஆனால் குட்டை வேர்ச்செடியின் வேர் ஆழமாகச் செல்லாது. அதற்குக் கம்பிப் பந்தலும் சொட்டு நீரும் இன்றியமையாதவை. இவையிரண்டும் இல்லாத சரிவு நிலத்தில் அடர் நடவைப் பரிந்துரைப்பது விவசாயியைக் கடனில் தள்ளுவதாகும். எது எங்கே பொருந்தும் என்று கூற வல்லவரை உருவாக்குவதே பட்டப் படிப்பின் வேலை.

வடக்கும் தெற்கும் ஒட்டில் இணைந்த சான்றும் பாடத்தில் உண்டு. தென்னாட்டின் நீலம் மாவையும் வடநாட்டின் தசேரியையும் 1971-இல் கலந்து, தில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 'ஆம்ரபாலி' இரகத்தை உருவாக்கிற்று. தசேரி ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் இயல்புடையது. ஆம்ரபாலி ஆண்டுதோறும் காய்க்கிறது. குட்டையாக இருப்பதால் ஹெக்டேருக்கு 1,600 மரங்கள் வரை நடலாம். வழக்கமான பத்து மீட்டர் இடைவெளியில் 100 மரங்களே நட முடியும்.

வட்டியும் நம்பிக்கையும்

பொருளாதார நோக்கில் பழத்தோட்டம் என்பது ஒரு தொழிற்சாலையைப் போன்ற மூலதனச் சொத்தாகும். ஒரு எளிய கணக்கு இதனை விளக்கும். இலட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து கூட்டு வட்டியில் கடனாகப் பெற்றுத் தோட்டம் வைத்தவர், எட்டு ஆண்டுகள் கழித்து முதல் காய்ப்பைக் காணும்போது அக்கடன் ஏறத்தாழ 2 லட்சத்து 14 ஆயிரம் ரூபாயாக வளர்ந்திருக்கும். மூன்றாம் ஆண்டில் காய்ப்பு வந்தால் அது 1 லட்சத்து 33 ஆயிரம் மட்டுமே. காத்திருக்கும் காலத்தைக் குறைக்கும் ஒவ்வொரு தொழில்நுட்பமும் வட்டியைக் குறைக்கும் கருவியாகும்.

ஆனால் இக்கணக்கு முழுவதும் கன்று நல்ல கன்றாக இருத்தல் என்ற ஒன்றின் மேல் நிற்கிறது. நாற்றங்காலில் இலையுதிர்ந்து நிற்கும் இரண்டு கன்றுகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றின் உள்ளே நச்சுயிரி இருக்கலாம். மற்றொன்றின் இரகமே வேறாக இருக்கலாம். விற்பவருக்கு ஓரளவு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இத்தகைய சந்தையில் நேர்மையான நாற்றங்காலுக்கு உரிய விலை கிடைப்பதில்லை. மலிவான போலிக் கன்று அதனை விரட்டிவிடுகிறது. சான்றளிக்கும் ஆய்வாளர் நாற்றங்காலுக்கு நேரில் சென்று தாய்மரத்தைப் பார்த்து ஒப்பமிடுகிறாரா, அலுவலகத்தில் அமர்ந்தே ஒப்பமிடுகிறாரா என்பதைப் பொறுத்தே எட்டு ஆண்டுக்குப் பின் ஒரு குடும்பம் கரையேறுவதோ மூழ்குவதோ அமைகிறது.

இக்குறையை நோக்கி மத்திய அரசு 2023-24 வரவுசெலவுத் திட்டத்தில் தூய கன்றுத் திட்டத்தை அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ஏறத்தாழ 1,766 கோடி ரூபாய் மதிப்பில் அதற்கு ஒப்புதல் வழங்கப் பெற்றது. நச்சுயிரியற்ற தாய்ச்செடிகளைப் பேணும் ஒன்பது மையங்களை நாடெங்கும் நிறுவுவது அதன் நோக்கம். கட்டடமும் கருவியும் பணத்தால் வரும். ஆனால் திசு வளர்ப்பும் நச்சுயிரிச் சோதனையும் அறிந்து, ஐயத்திற்குரிய கன்றை நிராகரிக்கும் துணிவுடைய இளைஞர்கள் கல்லூரிகளிலிருந்தே வர வேண்டும்.

பறித்த பின்னும் பாடம் உண்டு

2015-இல் வெளியான இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, அறுவடையிலும் அதன் பின்னும் ஏற்படும் இழப்பு கொய்யாவில் நூற்றுக்கு 15.88, தக்காளியில் 12.44, ஆப்பிளில் 10.39 என மதிப்பிட்டது. ஆப்பிளில் பத்தில் ஒரு பங்கு இழப்பு என்றால், பத்து ஹெக்டேரில் ஒரு ஹெக்டேரின் முழு ஆண்டு உழைப்பு உண்பவரை அடையாமலே போகிறது என்பது பொருள். புதிய தோட்டம் வைக்காமலே உற்பத்தியைப் பெருக்கும் வழி இங்கே திறந்து கிடக்கிறது.

இழப்பு அழுகலால் மட்டும் நேர்வதில்லை, பெட்டியாலும் நேர்கிறது. இமாச்சலத்தில் நெடுங்காலம் வழக்கிலிருந்த அட்டைப் பெட்டி, ஒன்றன் மேல் ஒன்று நீளக்கூடிய வகையைச் சேர்ந்தது. அதில் இருபது கிலோவிற்குப் பதில் முப்பது கிலோவும் அதற்கு மேலும் திணிக்கலாம். மண்டியில் பெட்டிக் கணக்கில் ஏலம் நடந்ததால் கூடுதல் எடை விவசாயியின் நட்டமாயிற்று. திணிக்கப்பட்ட பழம் நசுங்கியும் போயிற்று. 2024-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அளவு மாறாத பொதுப் பெட்டியே பயன்படுத்தப்பட வேண்டுமென மாநில அரசு விதித்தது. மரபியல் ஆய்வு பல ஆண்டு உழைத்துத் தரும் ஆதாயத்தை ஒரு பெட்டியின் வடிவம் விழுங்கிவிடக் கூடும் என்பதனை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

கிராமத்தில் ஒரு பருவம்

நான்காம் ஆண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பணிபுரியும் ஊரகப் பணி அனுபவம் பாடத்திட்டத்தில் இடம் பெற்றுள்ளது. 2015-இல் தொடங்கப் பெற்ற 'ஸ்டூடண்ட் ரெடி' திட்டத்தின் கீழ் இதனுடன் செயல்வழிக் கற்றலும், தொழிலகப் பயிற்சியும் இணைக்கப்பட்டன.

இப்பருவம் மாணவர்க்குப் பெரும்பாலும் ஓர் அதிர்ச்சியாகவே தொடங்குகிறது. வகுப்பறையில் கவாத்து என்பது படம். குளிர்காலக் காலையில் மரத்தடியில் கத்திரியுடன் நிற்கும்போது அது ஒரு முடிவு. எந்தக் கிளையை வெட்டுவது, எதனை விடுவது என ஐயுற்று நிற்கும் மாணவரைக் கண்டு முதிய விவசாயி புன்னகைக்கிறார். அம்முதியவரோ, தம் தோட்டத்தில் ஒரு பக்கத்து மரங்கள் மட்டும் ஏன் காய்ப்பதில்லை என்பதைப் பல்லாண்டாக அறியாதிருப்பார். அதனை மாணவர் மகரந்தப் பாடத்தைக் கொண்டு விளக்கும்போது இருவரும் சமமாகின்றனர். இச்சமநிலையே விரிவாக்கக் கல்வியின் முழுப்பொருள். இதனைப் பயணப்படிக்கும் வருகைப் பதிவேட்டிற்குமான சடங்காகக் குறைத்துவிடும் கல்லூரி, தன் மாணவரிடமிருந்து பட்டத்தின் பாதியைப் பறித்துக் கொள்கிறது.

விவசாயி பாடம் கற்பவர் மட்டுமல்லர் என்பதற்கு இமாச்சலத்திலேயே சான்றுண்டு. பிலாஸ்பூர் மாவட்டத்தின் பனியாலா கிராமத்தைச் சேர்ந்த ஹரிமன் சர்மா, தம் வீட்டுப் புறத்தில் எறிந்த ஆப்பிள் விதையிலிருந்து முளைத்த செடி வெப்பமான தாழ்நிலத்திலும் தழைப்பதைக் கண்டு, அதன் குச்சியைப் பிளம்ஸ் மரத்தில் ஒட்டினார். குறைந்த குளிரிலேயே காய்க்கும் 'எச்.ஆர்.எம்.என்.-99' என்ற அவ்விரகம் இன்று நாட்டின் பல மாநிலங்களில் நடப்பட்டுள்ளது. 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப் பெற்றது. எண்ணற்ற விதைகளில் ஒன்று தற்செயலாக முளைத்தது. அது வேறுபட்டது என்பதைக் கண்டுகொண்டது தற்செயல் அன்று. கண்டுகொள்ளும் அக்கூர்மையைப் பல்கலைக் கழகம் மாணவரிடம் வளர்க்க வேண்டும். கண்டவரிடம் சென்று கேட்கும் பணிவையும் வளர்க்க வேண்டும்.

பட்டத்திற்குப் பின்

தோட்டக்கலைப் பட்டத்தை முதல் விருப்பமாகக் கொண்டு சேர்வோர் உளர். மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காததால் வந்து சேர்வோரும் உளர். வந்த வழியைப் பற்றி வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளும் வேறொரு தேர்விற்கான காத்திருப்பாக முடியுமானால், அது மாணவருக்கும் நாட்டிற்கும் ஒருங்கே இழப்பாகும்.

படித்து முடித்தோர் முன் உள்ள வழிகள் பல. மேற்படிப்பும் ஆராய்ச்சியும் ஒன்று. மாநிலத் தோட்டக்கலைத் துறைகளின் பணி மற்றொன்று. வங்கிகளின் வேளாண்மைக் கள அலுவலர் பணிக்குச் செல்வதைச் சிலர் துறையை விட்டு விலகுவதாகக் கருதுகின்றனர், அது சரியன்று. எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டிய தோட்டத்திற்கும் மூன்று ஆண்டில் காய்க்கும் தோட்டத்திற்கும் ஒரே தவணை விதிக்கும் கடன் திட்டத்தை, மரத்தை அறிந்த அலுவலரே திருத்த முடியும். சுயதொழில் நாடுவோருக்கு 2002-இல் தொடங்கப் பெற்ற வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டம் 45 நாள் பயிற்சியும் கடனுடன் இணைந்த மானியமும் வழங்குகிறது. நாற்றங்கால், கவாத்துப் பணிக்குழு, மண் சோதனை, தேனீ வாடகை ஆகியவை ஊரிலேயே நடத்தக்கூடிய தொழில்கள்.

2024-25 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம், ஓராண்டு முடித்தோர் சான்றிதழுடனும், ஈராண்டு முடித்தோர் பட்டயத்துடனும் வெளியேற வழி செய்துள்ளது. நாற்றங்கால் பணிக்கும் கவாத்துப் பணிக்கும் தேர்ச்சி பெற்றோர் கிடைப்பர் என்ற அளவில் இது பயனுடையது. ஆனால் ஓராண்டில் விலகுபவர் தாம் ஒட்டிய கன்று காய்ப்பதைக் காணாமலே செல்கிறார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். மரம் தன் கால அட்டவணையை மனிதருக்காக மாற்றிக் கொள்வதில்லை.

அலுவலர்களின் பங்கு

கல்வியின் பயன் தோட்டத்தை அடைவதற்கு இடையில் நிற்பது பெரும்பாலும் கோப்புதான். பட்டம் பெற்ற விரிவாக்க அலுவலரின் நாள், மானிய விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதிலும் இலக்குப் பட்டியலை நிரப்புவதிலும் கழிகிறது. மொட்டு விரியும் வாரத்தில் அவர் தோட்டத்தில் இருக்க வேண்டும். அதே வாரம் நிதியாண்டின் இறுதியாகவும் அமைந்துவிடுகிறது. மார்ச்சுத் திங்களில் செலவுக் கணக்கை முடிக்கும் அவசரமும், மரத்தின் வசந்தமும் ஒன்றாக வருவது இயற்கையின் குற்றமன்று. பருவப் பணிகள் நெருங்கும் வாரங்களில் கள அலுவலர்களை எழுத்துப் பணியினின்று விடுவிக்க மாவட்ட அளவிலேயே ஏற்பாடு செய்ய இயலும்.

இலக்கை அளக்கும் முறையும் மாற வேண்டும். இத்தனை ஆயிரம் கன்றுகள் வழங்கப்பட்டன என்பது செலவின் கணக்கு. மூன்றாம் ஆண்டில் எத்தனை கன்றுகள் உயிரோடு உள்ளன, எட்டாம் ஆண்டில் எத்தனை காய்த்தன என்பதே பயனின் கணக்கு. அலுவலர் மாற்றலாகிச் செல்லும் வழக்கமுள்ள அமைப்பில் எட்டு ஆண்டுக் கணக்கை ஒருவர் தாங்க முடியாது. பதிவேடுதான் தாங்க வேண்டும். தோட்டந்தோறும் நட்ட ஆண்டு, இரகம், வேர்ச்செடி, கன்று வாங்கிய நாற்றங்கால் ஆகிய நான்கையும் குறித்து வைக்கும் ஒரு பதிவேடு இருந்தால், தவறான கன்றின் மூலத்தைக் கண்டறிவது எளிதாகும். அப்பதிவேட்டைத் தொடங்குவதற்குக் கிராமத்தில் தங்கும் இறுதியாண்டு மாணவர்களைவிடத் தகுந்தவர் எவருமில்லை. அவர்களுக்கு அது பாடம். துறைக்கு அது ஆவணம். விவசாயிக்கு அது காப்பு.

கோட்கட்டில் 1916-இல் நடப்பட்ட கன்றுகள் ஒரு மாநிலத்தின் வாழ்வை மாற்றின. அப்போது அருகில் தோட்டக்கலைப் பல்கலைக் கழகம் இல்லை. நடுபவரின் ஆர்வமும் அயலாரின் நம்பிக்கையுமே இருந்தன. இன்று கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் திட்டங்களும் உள்ளன. குளிர் குறைந்து வரும் மலையிலும் நீர் குறைந்து வரும் சமவெளியிலும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு எந்தக் கன்றை நடுவது என்று விவசாயி இந்த ஆண்டே முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவை எடுக்கும் நாளில் அவர் அருகில் நின்று, தெரிந்ததைத் தெளிவாகவும் தெரியாததை நேர்மையாகவும் கூற வல்ல ஒரு பட்டதாரி இருப்பாரானால், தோட்டக்கலைக் கல்விக்கு நாடு செலவிட்ட ஒவ்வொரு ரூபாயும் காய்த்ததாகும்.